குழாயை மூடிவிட்டுச் செல்லவும்

பேருந்து நிலையத்தில் அவளுக்கு மைக் அக்கா என்று பெயர். அவளைவிட வயதில் மூத்த ஓட்டுநர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவளும் கோபித்துக்கொண்டதில்லை. கண்ணாடி போட்ட சின்ன அறை, ஒரு மேசை, மேசைமேல் கழுத்து வளைந்த மைக், காற்றைவிடச் சத்தத்தை அதிகமாகத் தரும் மின்விசிறி. அவ்வளவுதான் அவளுடைய ராஜ்ஜியம். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது கிளம்பப்போகிறது, எது நடுவழியில் மக்கர் பண்ணுகிறது, யார் வீட்டுப் பிள்ளை தொலைந்துபோய் இவள் அறையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறது, எல்லாம் அவள் வாயால் சொன்னால்தான் ஊருக்குத் தெரியும். “அக்கா சொல்லாம வண்டி நகராது” என்று நடத்துநர்கள் கேலி செய்வார்கள். கேலிதான் என்றாலும் பாதி நிஜம்.

இனிமையான குரல் என்று சொன்னால் அது பச்சைப் பொய். கொஞ்சம் கரகரப்பு இருக்கும். நீளமான அறிவிப்பு என்றால் நடுவில் ஓர் இருமல் வரும். ‘மன்னிக்கவும்’ என்று அவள் மைக்கிலேயே சொல்லிவிட்டு அறிவிப்பைத் தொடர்வாள். அந்த இருமலும் ‘மன்னிக்கவும்’ என்பதும் உட்பட அவள் பேசுவது எல்லாம் நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்த அவள் வீட்டுக்கும் கேட்கும். ஒலிபெருக்கி ஒன்று அந்தப் பக்கம் பார்த்து இருந்தது. அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்தவர்கள் தலைவலி தாங்காமல் ஓடிப்போவார்கள். இவர்கள் மட்டும் ஓடவில்லை. வேலைக்குப் போகிற இடத்திலிருந்தே வீட்டை அதட்டலாம் என்பது அவள் கணவரின் நகைச்சுவை.

கணவர் பள்ளி வேன் ஓட்டுபவர். தெருத்தெருவாக நின்று ஹாரன் அடித்து, பாதித் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு போய்ப் பள்ளியில் இறக்கிவிட்டு வருவதுதான் அவர் பிழைப்பு. ஒரே மகள். மேல்நிலை வகுப்புக்கு வந்திருந்தாள். எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் அவளும். சாப்பிடும்போது போன் பார்ப்பாள், திட்டினால் கதவை அறைந்து சாத்துவாள், அரைமணி கழித்துத் தானே வந்து அம்மாவின் முதுகில் சாய்ந்துகொள்வாள்.

முதலில் காலை நேரத்து வயிற்றுவலியாக வந்தது. பரீட்சைப் பயம் என்று அப்பா சிரித்தார். பிறகு நெஞ்சு படபடக்கிறது, விரல் மரத்துப்போகிறது, மூச்சு போதவில்லை என்று பள்ளியிலிருந்து போன் வர ஆரம்பித்தது. இதயத்தைப் பார்த்தார்கள், ரத்தத்தைப் பார்த்தார்கள், எல்லாம் நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். நார்மல் என்று கேட்டுச் சந்தோஷப்பட வேண்டிய தாய், இதற்கு ஏதாவது ஒரு பெயர் வைத்திருந்தால் தேவலையே என்று ஏங்கினாள். ஒருநாள் பள்ளி வாசல்வரை போன பெண் வேனைவிட்டு இறங்கவில்லை.

அப்பா கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். ஒரு காலையில் பொறுமை இழந்து குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போய் வேனில் உட்காரவைத்தார். அவள் கத்தவில்லை, திமிறவில்லை. பள்ளிக்கூடம் கண்ணில் பட்டதும் அத்தனை சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் அவள் உடை நனைந்துபோனது. அவர் வேனை ஓரம்கட்டி, தன் சட்டையைக் கழற்றி அவள் மடியில் போட்டுவிட்டு, ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு அவர் அவளைப் பள்ளிக்குக் கூப்பிடவே இல்லை. ஊரார் பிள்ளைகளை எல்லாம் பள்ளியில் இறக்குகிற மனிதருக்குச் சொந்த மகளை இறக்கத் தெரியவில்லை.

அறிவுரை சொல்ல வந்தவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு ஆறாது. போனைப் பிடுங்கி உடை என்றார் ஒரு மாமா. அவர் அதைப் போனில்தான் சொன்னார். நாலு அறை விட்டால் சரியாகும் என்றாள் ஓர் அத்தை. எதிர்வீட்டுக்காரி, “எங்க காலத்துல இதெல்லாம் ஏது?” என்று கேட்டுவிட்டு, தன் தூக்க மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனாள். மைக் அக்கா எல்லோருக்கும் தலையாட்டினாள். அவளுக்கு வேறு என்ன தெரியும்? மகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். யாராவது ஏதாவது சொன்னார்களா, யாராவது ஏதாவது செய்தார்களா? “ஒண்ணுமில்லம்மா” என்பதுதான் பதில்.

விஷயம் வெளியே வந்தது மைக் கெட்டுப்போன அன்றைக்கு. ஆம்ப்ளிஃபயரிலிருந்து புகை வந்தது. அதைக் கழற்றிக்கொண்டு போனார்கள். டைம் கீப்பர் ஒரு விசிலை ஊதிக்கொண்டு மேடைமேடையாக ஓட, மைக் அக்கா வெகுநாள் கழித்துக் கிடைத்த ஓய்வில் அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். அப்போது, பின்னோக்கி நகரும் பேருந்துகளுக்கு நடுவே, செருப்பில்லாமல், தலை கலைந்து ஒரு பெண் ஓடிவந்தாள். யார் பெற்ற பெண்ணோ இப்படி வண்டிக்கு நடுவில் ஓடுகிறதே என்று பதறி எழுந்தவளுக்கு, கண்ணாடியில் வந்து முட்டிய முகத்தைப் பார்த்த பிறகுதான் தன் பெண் என்று உறைத்தது.

“நீ பேசல” என்றாள் மகள். 

“மைக் கெட்டுப்போச்சும்மா. அதுக்கு ஏன் இப்படி...”

“நீ செத்துப்போயிட்டன்னு நெனைச்சேன்.”

டீக் குவளை கையிலேயே இருந்தது. கதவைத் திறந்து மகளை உள்ளே இழுத்து அணைத்துக்கொண்டபோதுதான் எல்லாம் கொட்டியது. பள்ளியில் உட்கார்ந்திருந்தால் அம்மா மேசைமேல் சரிந்து கிடப்பது போலக் கண்முன் வருமாம். அது வந்துவிட்டால் நெஞ்சு அடைக்குமாம். வீட்டில் இருந்தால் பின்பக்க ஜன்னல் வழியே அம்மாவின் குரல் கேட்கும். அது கேட்டுக்கொண்டிருக்கிறவரை அம்மா உயிரோடு இருக்கிறாள். இவ்வளவு மாதமாக மகள் அந்த ஜன்னலை விட்டு நகராததற்கு இதுதான் காரணம். பைத்தியக்காரத்தனம் என்று தனக்கே தெரிகிறது என்றும் சொன்னாள். தெரிந்தும் நிற்கவில்லை என்றாள்.

இந்த இடத்தில் எந்தத் தாயும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். “நான் பேசிக்கிட்டே இருக்கேன்டி. வண்டி வந்தாலும் பேசறேன், வராட்டியும் பேசறேன். போதுமா?” மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தாள்.

அப்படிப் பிறந்ததுதான் குழாய் அறிவிப்பு. வண்டி எதுவும் கிளம்பாத இடைவெளிகளில் மைக் அக்கா பொத்தானை அழுத்தி, “பயணிகளின் கவனத்திற்கு, குடிநீர்க் குழாயைப் பயன்படுத்தியபின் மூடிவிட்டுச் செல்லவும்” என்று சொல்வாள். அதற்கு ‘நான் இருக்கேன்’ என்று அர்த்தம். அது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். நிலையத்தில் இருந்தது ஒரே ஒரு குழாய், அதிலும் பாதி நாள் தண்ணீர் வராது. “என்னக்கா, குழாய் மேல இவ்வளவு பாசம்? காத்து வந்தாலும் மூடணுமா?” என்று பழக்கடைக்காரர் கேட்டார். அவளும் சிரித்தாள். சில வாரங்கள் மகள் நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். டாக்டர்களுக்குத் தெரியாத மருந்தைத் தான் கண்டுபிடித்துவிட்டதாக மைக் அக்காவுக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

பிறகு அந்த மருந்து போதவில்லை. இடைவெளி கொஞ்சம் நீண்டாலும் போனில் செய்தி வந்து விழும்: ‘இருக்கியா?’ ‘இருக்கேன்.’ மறுபடி: ‘நெஜமா?’ கழிவறைக்குப் போய் வருவதற்குள் செய்திகள் குவிந்துவிடும். அதனால் அவள் கழிவறைக்குப் போவதைக் குறைத்தாள், அதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். வெயில் காலத்தில், அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள், நாளெல்லாம் தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசுகிறவள் நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தாள்.

வேனில் வரும் ஒரு பிள்ளையின் தாய் சொல்லித்தான் பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனார்கள். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அப்பா தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டார். அங்கே பார்த்தால் காத்திருந்தவர்களில் இருவர் அவர் வேனில் பிள்ளையை ஏற்றிவிட்டுத் தினம் கையசைக்கிறவர்கள். அவரும் அந்த இருவரும் ஒருவரை ஒருவர் தெரியாதது போல ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் இளவயதுக்காரி. முதலில் மகளோடு தனியாக நெடுநேரம் பேசினாள். பிறகு பெற்றவர்களைக் கூப்பிட்டாள்.

“அவ நடிக்கல. இது வியாதி. பதட்ட நோய்னு சொல்வோம். நீங்க யாரும் கொண்டுவந்ததும் இல்ல” என்றாள். அதைக் கேட்டதும் அப்பாவுக்கு மூச்சு வந்தது. குழாய்க் கதையைக் கேட்டபோது டாக்டர் சிரிக்கவில்லை. “அவ கேக்கறா, நீங்க பதில் சொல்றீங்க. பயம் கொஞ்சம் அடங்குது. அப்புறம் முன்னைவிட அதிகமா பசியெடுத்து வருது. எந்த அம்மாவும் இதைத்தான் செய்வாங்க. ஆனா கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். அவகிட்ட பேசி, அவ ஒத்துக்கிட்டு, சேர்ந்து குறைங்க. ஏமாத்தி மட்டும் நிறுத்தாதீங்க.”

மாத்திரை எழுதினாள். வாரத்துக்கு ஒருமுறை பேச வரச் சொன்னாள். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்றாள். மூவரும் வீட்டில் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். காலைக் கூட்டம் கலைந்ததிலிருந்து மதியச் சாப்பாடுவரை குழாய் அறிவிப்பு கிடையாது, செய்தியும் கிடையாது. மகளே சொன்ன நேரம் அது.

முதல் நாள், மைக் அக்கா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி எதுவும் கிளம்பவில்லை. ஜன்னலடியில் மகள் எப்படிச் சுருண்டு கிடக்கிறாளோ, மூச்சு வாங்குகிறாளோ, மறுபடி வண்டிகளுக்கு நடுவே ஓடிவருகிறாளோ என்று கண்ணாடி வழியே எட்டி எட்டிப் பார்த்தாள். மதியத்துக்கு வெகு முன்னாலேயே கை தானாகப் போய்ப் பொத்தானை அழுத்திவிட்டது. குழாயை மூடிவிட்டுச் செல்லவும்.

சாயங்காலம் மகள் திட்டவில்லை. அவள் கையிலிருந்த துண்டின் ஓரம் கடித்துக் கடித்துக் கிழிந்திருந்தது. “நான் தாங்கிட்டுதான் இருந்தேன்மா. நீதான் விட்டுட்ட” என்றாள். அந்த ஒப்பந்தம் அதோடு நின்றுபோனது.

இப்படி இருக்கும்போதுதான் நிலையத்துக்கு இயந்திரம் வந்தது. இனி அறிவிப்புகளை எல்லாம் கணினி சொல்லுமாம். அதற்குப் பழகிய குரலே இருக்கட்டும் என்று மைக் அக்காவையே பேசவைத்துப் பதிவு செய்தார்கள். ஊர்ப் பெயர்கள், எண்கள், புறப்படும், தாமதமாகும் என்று துண்டு துண்டாகச் சொல்லச் சொன்னார்கள். இருமினால் அந்தத் துண்டை அழித்துவிட்டு மறுபடி சொல்ல வேண்டும். கடைசியில் அவள் குழாய் அறிவிப்பையும் சொன்னாள்.

“இது எதுக்குங்க?” என்றான் பதிவு செய்ய வந்தவன்.

“இது முக்கியம். அடிக்கடி வரணும்” என்றாள்.

வேலை போகவில்லை. தொலைந்த பிள்ளை, தவறவிட்ட பை, திடீரென்று நின்றுபோன வண்டி, இவற்றுக்கு ஆள் வேண்டும் என்று அறையிலேயே இருக்கச் சொன்னார்கள். இயந்திரம் வந்ததை அவள் வீட்டில் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை, அவருக்கு வாய் நிற்காது. நாளைக்குச் சொல்லலாம் என்று முதல் நாள் நினைத்தாள். மறுநாள் மகள் நிம்மதியாகச் சாப்பிட்டதைப் பார்த்ததும் அடுத்த வாரம் சொல்லலாம் என்று தோன்றியது. டாக்டர் சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. ஆனால் நாளெல்லாம் பேசுகிற ஒரு வாயை யாரோ இலவசமாகக் கொடுக்கும்போது, பெற்ற மனது எதைக் கேட்கும்?

மகள் தேறினாள். அதுதான் கொடுமை. மாத்திரை பிடித்ததோ, வாராவாரம் டாக்டரோடு பேசியது பிடித்ததோ, ஓயாத அந்தக் குரல்தான் தாங்கியதோ, யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? செய்திகள் குறைந்தன. தெருமுனைக் கடைவரை தனியாகப் போய் வந்தாள். அப்பாவின் வேனில் ஏறி, பள்ளி வாசலில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினாள். திங்கட்கிழமை ஆய்வக வகுப்புக்கு மட்டும் போய்ப் பார்க்கிறேன் என்று தானாகச் சொன்னாள். அப்பா அன்றைக்கு வேனைக் கழுவினார், யாரும் கழுவச் சொல்லாமலே.

மைக் அக்காவுக்கு முதுகின் ஒரு பக்கம் சில நாளாகவே வலித்தது. சிறுநீர் கழித்தால் எரிந்தது, காய்ச்சல் அடித்தது. வெள்ளிக்கிழமை நின்றால் தலை சுற்றியது. இத்தனை மாதத்தில் முதல்முறையாக அவளால் அறையைப் பூட்டிவிட்டு வெளியே போக முடிந்தது. இயந்திரம்தான் பேசுகிறதே. டைம் கீப்பரிடம் சொல்லிக்கொண்டு, மருத்துவமனைக்குப் போய் மாத்திரை வாங்கிக்கொண்டு மகளுக்குத் தெரியாமல் திரும்பிவிடலாம் என்று ஆட்டோ ஏறினாள். அங்கே பார்த்தவர்கள் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. சிறுநீரகத்தில் கிருமி, படு என்று கையில் ஊசி குத்திக் குழாய் மாட்டிவிட்டார்கள். தண்ணியே குடிக்க மாட்டீங்களா என்று நர்ஸ் அதட்டினாள்.

செய்தி கேட்டு வந்த கணவர் துணிமணி எடுக்க வீட்டுக்கு ஓடினார். மகள் ஜன்னலருகில் ஆய்வக நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

“பயப்படாதம்மா. அம்மாவுக்குக் கொஞ்சம் காய்ச்சல், ஆஸ்பத்திரியில படுக்க வச்சிருக்காங்க...”

“என்னப்பா ஒளர்றீங்க? அம்மா இப்பதானே பேசினாங்க.”

அவர் விழித்தார். அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியே குரல் வந்தது. பயணிகளின் கவனத்திற்கு என்று தொடங்கி, தெளிவாக, இருமல் இல்லாமல், குழாயை மூடிவிட்டுச் செல்லவும் என்று முடிந்தது. மகள் அப்பாவின் கையிலிருந்த பையைப் பார்த்தாள். அதில் ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்திருந்த அம்மாவின் செருப்பு இருந்தது. நிலையத்துக்குப் போட்டுக்கொண்டு போன அதே செருப்பு.

திங்கட்கிழமை வந்தது, போனது. மகள் மருத்துவமனைக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மாத்திரையை மட்டும் அப்பா கையால் கொடுத்தால் விழுங்கினாளாம். படுக்கையில் கிடந்தபடி மைக் அக்கா டைம் கீப்பருக்குப் போன் போட்டு, என் குரலை எடுத்துவிடுங்கள் என்று அழுதாள். “என் கையில என்னம்மா இருக்கு? மேலிடத்துல முடிவு பண்ணது. குழாயை வேணா எடுக்கச் சொல்றேன். வண்டிப் பேரையெல்லாம் எடுத்தா சனம் எப்படி ஏறும்?” என்றார் அவர். அவர் சொன்னதும் நியாயம்தான். மனநல டாக்டரிடம் கணவர் பேசினார். அம்மா வீடு திரும்பியதும் நடந்ததை மறைக்காமல் மகளிடம் சொல்லட்டும், பிறகு இருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மறுபடி ஆரம்பிக்கலாம் என்றாள் அவள்.

வீடு திரும்பிய மதியம் ஜன்னல் சாத்தியிருந்தது. இடுக்குகளில் எல்லாம் துணி செருகியிருந்தது. அப்படியும் குரல் கசிந்து உள்ளே வந்தது. மகள் அலமாரியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். மைக் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

“சொல்லாம விட்டது என் தப்புடி. நீ நல்லா இருக்கியேன்னு...”

“எனக்கு சந்தோஷமா இருந்துச்சும்மா” என்றாள் மகள், அவளைப் பார்க்காமல். “இப்பல்லாம் நீ இருமவே இல்லயேன்னு. அம்மாவுக்கு ஒடம்பு சரியாயிடுச்சுன்னு நெனைச்சேன். அதனாலதான் ஸ்கூலுக்குப் போறேன்னு சொன்னேன்.”

 வெளியே அவள் குரல் ஏதோ ஒரு வண்டி கிளம்புவதைச் சொல்லிக்கொண்டிருந்தது. மகள் முன்னால் நகர்ந்து வந்து, தன் உள்ளங்கையை அம்மாவின் தொண்டைமேல் வைத்தாள்.

“இப்ப பேசு” என்றாள்.

“என்ன பேசட்டும்?”

கைக்கு அடியில் தொண்டை அதிர்ந்தது. மகள் அதை நன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

“நீ செத்துப்போக மாட்டல்ல?”

மாட்டேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. எத்தனை மாதம் சொன்ன பதில், ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் அந்த முகம் ஒரு நிமிடம் தெளியும். அதற்குப் பிறகு இந்தப் பெண் தன்னை எதில் நம்புவாள்?

“தெரியலடி” என்றாள் மைக் அக்கா. “எனக்குத் தெரியல.”

மகள் அழுதாள். கையை மட்டும் எடுக்கவில்லை.  அந்த அழுகையை நிறுத்துவதற்கு அவளைப் பெற்றவளுக்கு ஒரு வழியும் தெரியவில்லை.